ஓநாய்கள் இளைத்த மாதம்

ஆர்டன்வேலுக்குள் நுழைந்த முதல் நாளே குணவதி குதிக்கத் தொடங்கிவிட்டாள். கதவைத் திறந்தால் ஒரு குதி. படி ஏறினால் நாலு குதி. கடைக்காரனிடம் பேசிவிட்டுத் திரும்பும்போது சும்மா ஒரு குதி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கணவன் லோகேஸ்வரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

“குணா, அப்படிக் குதிக்காத லா. அதுவும் கணக்குல ஏறும்.”

“ஏறட்டுமே.”

ஆர்டன்வேல் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. மலையும் காடும் இடிந்த கோட்டைகளுமாக விரிந்து கிடக்கும் ஒரு கற்பனை நாடு. இதை முதலில் செய், அதைப் பிறகு செய் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. கால் போன திசையில் போகலாம். எந்த வேலையைச் செய்கிறோமோ அந்த வேலையில் திறமை கூடும். வாளை வீசினால் வாள் திறன் ஏறும், மூலிகை பறித்தால் மருந்துத் திறன் ஏறும், குதித்தால் குதிக்கும் திறன். எந்தத் திறனாக இருந்தாலும் சரி, போதுமான அளவு கூடியதும் படுத்துத் தூங்கி எழுந்தால் ஆள் ஒரு நிலை உயர்ந்திருப்பான்.

அதில்தான் ஒரு கோணல் இருந்தது. ஆள் உயர உயர அந்த நாட்டு மிருகங்களும் கூடவே உயரும். சண்டை போட்டு உயர்ந்தவருக்கு அது பெரிய விஷயமில்லை. செடி பறித்தும் ஊர்க்கதை பேசியும் குதித்துமே உயர்ந்தவர் ஒருநாள் தூங்கி எழுந்து வெளியே வந்தால், அவரால் ஒரு கீறல்கூடப் போட முடியாத ஓநாய்கள் வாசலில் நிற்கும். அந்தப் பயத்தில், கண்ணைச் சுழற்றினாலும் தூங்க மாட்டேன் என்று ஆளை விழிக்கவைத்தே ஊர் சுற்றுகிற ஆட்டக்காரர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

லோகேஸ்வரன் அந்தக் கோணலை நிமிர்த்த ஒரு மோட் எழுதியிருந்தான். விளையாட்டைத் தயாரித்த நிறுவனம் செய்யாமல் விட்டதை, ஆடுகிறவர்களே எழுதி இணையத்தில் இலவசமாகப் போடும் திருத்தத்திற்கு மோட் என்று பெயர். அவனுடைய மோட்டைப் போட்டுக்கொண்டால் மிருகங்கள் ஆளைத் துரத்தி வளராது. குதிப்பது போன்ற சில்லறைத் திறன்கள் வளராமல் அப்படியே நின்றுவிடும். பிரேசிலில் இருந்தும் போலந்தில் இருந்தும் முன்பின் தெரியாதவர்கள் அவனுக்கு நன்றி எழுதினார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் வேலை அவனுக்கு. அங்கே இயந்திரம் நின்றால்தான் அவனைத் தேடுவார்கள். அதனால் இந்த நன்றிகளைத் திரும்பத் திரும்பப் படிப்பான்.

குணவதி மட்டும் அந்த மோட் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“நீங்க நல்லாத்தான் செஞ்சிருப்பீங்க. நா கேம் எப்படி வந்துச்சோ அப்படியே வெளாடறேன்.”

அவள் விளையாட வந்ததே ஒரு விபத்தினால்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் இருவரும் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். ஓட்டியது லோகேஸ்வரன். வளைவில் ரோட்டில் லாரி எண்ணெய் கொட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அவனுக்கு முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று. அவளுக்கு இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தகடு வைத்து முடுக்கிய பிறகு மாதக்கணக்கில் சுங்கை பினாங்கில் இருந்த தங்கள் ஃப்ளாட்டின் ஹாலில் கட்டிலோடு கிடந்தாள். அவன் விளையாடுவதை வேடிக்கை பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த நாடு பழகியது. நடக்கத் தொடங்கியதும் தனக்கென்று ஒரு ஆளை உருவாக்கிக்கொண்டாள். நிஜத்தில் மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து இறங்குகிறவள், அங்கே கூரைக்குக் கூரை தாவினாள்.

லோகேஸ்வரன் மோட்டாரை விற்றுவிட்டான். நாலு சக்கரமுள்ள ஒரு பழைய கியர் காடி வாங்கி, காலையில் அவளை அவளுடைய ஃபேக்டரி வாசலில் இறக்கிவிட்டுப் பிறகு தன் வேலைக்குப் போனான். மாலையில் அவள் ஷிஃப்ட் முடியும்வரை காத்திருந்து கூட்டி வந்தான். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அவள்தான் சலித்துப்போய், காடி ஓட்டப் பழகுகிறேன் என்று டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தவர் இஸ்மாயில், நிதானமான மனிதர். எல்லாம் ஓரளவு வந்தது, மேடு ஏறுவது மட்டும் வரவில்லை. மேட்டில் நிறுத்தி, கிளட்சை இடது காலால் மெல்ல விட்டுக் கிளப்ப வேண்டும். அவளுடைய கால் ஒரு கணம் தயங்கும், காடி பின்னால் உருளும். சில மாதமாக இஸ்மாயில் சமதரை ரோட்டிலேயே ஓட்டவிட்டுக்கொண்டிருந்தார். டெஸ்ட்டுக்குத் தேதி கேட்டால், “கூட்டம் லா தங்கச்சி, இன்னும் கெடைக்கல” என்பார். அவளும் கூட்டம் என்றே நம்பினாள்.

ஆர்டன்வேலில் அவளுக்கு ஒரு பாலம் தடையாக இருந்தது. ஆழமான பள்ளத்தின்மேல் ஒரு கல் பாலம், அதன் நடுவே ஒரு பூதம். அதைக் கொன்றால்தான் வடக்கே போகலாம். குதித்தே உயர்ந்தவளுக்கு அந்தக் கோணலின் தண்டனை முழுதாகக் கிடைத்தது. பூதம் ஒரே அடியில் அவளைப் பள்ளத்தில் தள்ளியது. செத்தாள், திரும்ப வந்தாள், மறுபடியும் செத்தாள். போகும் வழியில் ஓநாய்களே பாதி உயிரை எடுத்தன. அலுத்துப்போனால் திரும்பிப் போய்ச் செடி பறிப்பாள்.

தீபாவளி முடிந்த பிறகு நிலைமை மாறியது. ஓநாய்கள் இரண்டு வெட்டில் விழுந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூதம் முட்டிபோட்டு, அப்படியே சாய்ந்து, பள்ளத்தில் விழுந்தது. குணவதி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. லோகேஸ்வரன் கைதட்டினான். வெளியே போய் நாசி கண்டார் சோறு பொட்டலம் கட்டி வந்தான், அவளுக்குப் பிடித்த மீன் முட்டையோடு. அவள் சாப்பிட்டுக்கொண்டே அந்தச் சண்டையை இரண்டு முறை சொன்னாள். அவன் இரண்டு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டான்.

அந்த வாரம் ஃபேக்டரி கேன்டீனில் நூர் ஃபாத்திஹாவிடமும் சொன்னாள். ஃபாத்திஹா அவளோடு ஒரே வரிசையில் நின்று சர்க்யூட் பலகைகளைச் சோதிப்பவள். ஆர்டன்வேலைக் கரைத்துக் குடித்தவள்.

“உன் ஆளுக்கு வாள் திறன் எவ்ளோ?” என்று மலாய் மொழியில் கேட்டாள் ஃபாத்திஹா.

குணவதி சொன்னாள்.

“மானா போலே! முடியவே முடியாது. அந்த வாளை வச்சி பூதத்த சொறிஞ்சுதான் விட முடியும்.” ஃபாத்திஹா சிரித்தாள். பிறகு குணவதியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். “லக்கா இருக்கும் லா,” என்று சொல்லிவிட்டு மீ நூடுல்ஸில் காரச் சம்பாலைக் கலந்தாள்.

அன்று மாலை குணவதி வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தாள். யாரையும் வெட்டவில்லை. ஊர்ச் சதுக்கத்தில் நின்று குதித்தாள். குதித்துக்கொண்டே இருந்தாள். குதிக்கும் திறனுக்குப் பக்கத்தில் இருந்த எண் அசையவில்லை. அது எத்தனை நாளாக அசையாமல் நிற்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். பூதத்தைக் கொன்ற சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. சில்லறைத் திறன்கள் வளராது என்று ஒரு காலத்தில் தனக்கு விளக்கியவன் யார் என்பதும் நினைவுக்கு வந்தது.

லோகேஸ்வரன் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தான்.

“என் ஆட்டத்துல உங்க மோட்டைப் போட்டீங்களா?” என்று கேட்டாள்.

அவன் திரையைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத முகம் அவனுக்கு.

“போட்டேன்.”

“பூதம்?”

“அதோட பலத்த பாதியாக்கினேன். உனக்கு மட்டும்.”

“எப்பருந்து?”

“தீபாவளிக்கப்புறம்.” அவன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். “நீ அந்தப் பாலத்துல விழுந்து விழுந்து சாகறதப் பாக்க முடியல குணா.”

“பொம்மதானங்க அது?”

“பொம்மதான். ஆனா ஒவ்வொரு வாட்டி அது விழும்போதும் நீ ஒன் கால புடிச்சிக்கிட்ட. ஒனக்கே தெரியாது. நா பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அவளுக்கு அது தெரியாதுதான். அவன் பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது. அதனாலேயே கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தவித்தது. நாசி கண்டார் பொட்டலம் நினைவுக்கு வந்தது. தான் இரண்டு முறை சொன்னதும், அவன் இரண்டு முறை கேட்டதும். அதை நினைத்தபோது காது மடல் சுட்டது.

“வேற என்ன மாத்தி வச்சிருக்கீங்க?”

விளையாட்டைப் பற்றித்தான் கேட்டாள். அந்த வாளை மாற்றினீர்களா, அந்தக் கடைக்காரன் விலையைக் குறைத்தது நீங்கள்தானா என்கிற அர்த்தத்தில். லோகேஸ்வரன் துண்டை மடித்தான். மடித்ததைப் பிரித்தான்.

“இஸ்மாயில் அண்ணன்கிட்ட சொன்னேன்,” என்றான்.

“என்ன சொன்னீங்க?”

“மேட்டுல ஓட்ட விடாதீங்கன்னு. டெஸ்ட்ட கொஞ்சம் தள்ளிப் போடுங்கன்னு. அவரு மேல தப்பில்ல. நாந்தான் கெஞ்சிக் கேட்டேன்.”

அடுப்பங்கரையில் ரைஸ் குக்கரின் பொத்தான் மேலே எழும்பும் சத்தம் கேட்டது. குணவதி எழுந்து போய் மூடியைத் திறந்து, சோற்றைக் கிளறி, மறுபடி மூடினாள். செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் அங்கேயே நின்றாள். இத்தனை மாதமாக ஒவ்வொரு வாரமும் இஸ்மாயிலிடம் தேதி கேட்டதும், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டம் என்று சொன்னதும் ஒவ்வொன்றாக வந்தன. தனக்குத்தான் வரவில்லையோ, தகடு வைத்த காலுக்கு இது சரிப்படாதோ என்று அவள் படுக்கையில் நினைத்துக்கொண்டதும் வந்தது. அந்த நினைப்பை அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் தலையைத் தடவிக் கொடுத்து, நான் இருக்கேனே, நான் ஓட்டறேன் என்றிருக்கிறான்.

அவன் அடுப்பங்கரை வாசலுக்கு வந்தான்.

“அன்னிக்கு நாந்தான் ஓட்டினேன் குணா,” என்றான்.

“எண்ணெயிலதான் வழுக்குச்சி. நா ஒருநாளாவது ஒங்கள சொல்லிருக்கேனா?”

“இல்ல.”

“அப்பறம் ஏன் எனக்குத் தண்டன?”

இருவரும் சாப்பிட்டார்கள். அவள் குழம்பு ஊற்றினாள், அவன் அப்பளம் எடுத்து வைத்தான்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் கணவனுக்காகக் காத்திருக்கவில்லை. ஃபாத்திஹாவின் காடியில் ஏறி டிரைவிங் ஸ்கூல் வாசலில் இறங்கினாள். இஸ்மாயில் ஒரு காடியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

“தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரரு கண்ணுல தண்ணியோட வந்து கேட்டாரு. நல்லதுன்னுதான் நெனச்சேன் லா.”

“அவரு கேட்டா செஞ்சீங்க. நா கேட்டதுக்கு?”

இஸ்மாயில் துணியை உதறித் தோளில் போட்டார்.

“அது தப்புதான்,” என்றார். “நாளைக்கே பேரக் குடுத்துடறேன். ஏறுங்க. இப்பயே மேட்டுக்குப் போவோம்.”

அன்று காடி ஓயாமல் பின்னால் உருண்டது. இஸ்மாயில் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்துக் காப்பாற்றினார். இறங்கும்போது குணவதியின் ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது. கால் வலித்தது. இது பயத்தில் வந்த வலி இல்லை, வேலை செய்த வலி. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை லோகேஸ்வரனைக் கூப்பிட்டு, மோட்டை எடுக்கச் சொன்னாள். அவன் எடுத்தான். எடுத்த பிறகு தீபாவளிக்கு முந்தைய இடத்தில் இருந்துதான் ஆட்டம் தொடங்கும் என்றான். நடுவில் ஆடியதெல்லாம் போய்விடும்.

“நீ சம்பாதிச்சத மட்டும் பிரிச்சி எடுத்துக் கொண்டாற முடியும். ஒரு மணி நேர வேலதான்.”

“அதுல எது நா சம்பாதிச்சது?”

அவன் விசைப்பலகையில் இருந்து கையை எடுத்துக்கொண்டான்.

ஓநாய்கள் பழையபடி கொழுத்திருந்தன. பாலத்தின் நடுவே பூதம் செத்ததே இல்லை என்பதுபோல் நின்றது. குணவதி இந்த முறை அதன் பக்கம் போகவில்லை. பள்ளத்தின் ஓரமாகவே கிழக்கே நடந்தாள். குதித்துக்கொண்டேதான். எண் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. வெகுதூரம் போனதும், இரண்டு பக்கப் பாறையும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கிற மாதிரி நெருங்கிய ஒரு இடம் வந்தது. நெருங்கியது என்றாலும் மனிதன் தாண்டும் தூரம் இல்லை. ஓடி வந்து தாவினாள், விழுந்து செத்தாள். இன்னொரு இடத்தில் இருந்து ஓடி வந்தாள், மறுபடி செத்தாள். பிறகு உட்கார்ந்து, தான் பறித்து வைத்திருந்த செடிகளில் எதெதைச் சேர்த்தால் உடம்பின் பாரம் குறையும் என்று பார்த்து ஒரு மருந்து காய்ச்சிக் குடித்தாள்.

அடுத்த தாவலில் அக்கரையின் விளிம்பைத் தொட்டு, சறுக்கி, நின்றாள்.

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த லோகேஸ்வரன் எழுந்தே விட்டான்.

“அங்க யாராலயும் போக முடியாது,” என்றான். “அந்தக் கணக்க நா போட்டுப் பாத்திருக்கேன்.”

“குதிக்கத் தெரியாதவனுக்குப் போட்ட கணக்கா இருக்கும்.”

வடக்குக் கிராமத்தில் நுழைந்ததும் ஊர்த் தலைவன் ஓடி வந்தான். பூதத்தைக் கொன்று எங்களைக் காப்பாற்றிய வீராங்கனையே என்று மண்டியிட்டான். பெண்கள் பூத் தூவினார்கள். அவனுடைய தலைக்கு மேலே, தூரத்துப் பாலத்தில், பூதம் முதுகைச் சொறிந்துகொண்டு நிற்பது தெளிவாகத் தெரிந்தது. ஆளை அக்கரையில் கண்டால் பூதம் செத்தது என்றே விளையாட்டு எடுத்துக்கொண்டது போலும். வேறு வழியில் ஒருத்தி வருவாள் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்கவில்லை.

குணவதிக்குச் சிரிப்பு வந்தது. சில நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவனும் சிரித்தான்.

“இது பக். இத சரி பண்ணி ஒரு பேட்ச் போட்டா—” என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தான். “போடட்டா? வேணாமா?”

“வேணாம். பூவு நல்லாருக்கு.”

அவன் துணி மடிக்கப் போய்விட்டான். அந்த மாதக் கடைசியில் அவன் தன் மோட்டையும் மாற்றினான். மோட் உள்ளே போனதும் முதலில் திரையில் ஒரு பலகை வரும். இன்னின்ன மாற்றம் செய்யப்போகிறேன், வேண்டியதை வைத்துக்கொள், வேண்டாததை அணைத்துவிடு என்று கேட்கும். எதற்கு இத்தனை கேள்வி, முன்பு நன்றாகத்தானே இருந்தது என்று போலந்துக்காரர் ஒருவர் கோபமாக எழுதினார். லோகேஸ்வரன் அவருக்கு மரியாதையாகப் பதில் எழுதினான், பலகையை எடுக்கவில்லை.

டெஸ்ட் நாளில் கூட வரவேண்டாம் என்று குணவதி அவனிடம் சொல்லியிருந்தாள். பார்க்கிங் ஒழுங்காக வந்தது. மேட்டில் காடி உருண்டது. கொஞ்சம்தான், ஆனால் கொஞ்சம் போதும். பரிசோதகர் தலையாட்டி எழுதினார். அவள் தகரக் கொட்டகையில் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து போன் செய்தாள்.

“ஃபெயில்,” என்றாள்.

விடு குணா, நான் ஓட்டறேன் என்று அவன் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள். சொன்னால் போனை வைத்துவிடுவது என்றும் முடிவு செய்துகொண்டாள். அவன் மூச்சை இழுப்பது கேட்டது.

“சாப்டியா?” என்றான்.

“இல்ல.”

“சாப்டு. அடுத்த டெஸ்ட் எப்ப?”

அந்த இரண்டு கேள்விக்கும் அவன் எவ்வளவு பாடுபட்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் முழுக்க மன்னித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. அது வேறு கணக்கு. மெதுவாகத்தான் ஏறும்போல் இருந்தது.

இரண்டாவது டெஸ்ட்டில் பாஸ் ஆனாள். அந்தப் பழைய காடியை அவள் எடுத்துக்கொள்வது என்றும், அவன் ஃபேக்டரி பஸ்ஸில் போவது என்றும் பேசி முடித்தார்கள். பேசியது அவள், தலையாட்டியது அவன். முதல் நாள் காலையில் அவன் கீழே வரை வந்தான். டயரைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கையை மட்டும் காட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

பாயான் லெப்பாஸ் போகும் ரோடு வழக்கம்போல அடைத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் மோட்டார்கள் தேனீபோல் நெளிந்து போயின. மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. அவளும் நிறுத்தினாள். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு வேன். வரிசை நகர்ந்தபோது அவளுடைய காடி செத்துப்போனது. வேன்காரன் ஹார்னை அழுத்தினான்.

“பொறு லா!” என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், சாவியைத் திருப்பினாள். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பாதத்தால் தேடினாள். காடி ஒரு நடுங்கு நடுங்கி, மேலே ஏறியது. வேன்காரன் அவளைத் தாண்டிப் போகும்போது ஏதோ திட்டினான். என்ன திட்டினான் என்று காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவளுக்கு வருத்தமில்லை, எல்லாரையும் திட்டுகிறமாதிரிதானே அவளையும் திட்டினான்.

ஃபேக்டரிக்குள் வந்து ஒரு இடத்தில் காடியைத் திணித்து, எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியபோது காவலாளி நல்லமுத்து சாவடியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

“யம்மா! காடி ரெண்டு பார்க்கிங் லாட்டுல நிக்குது. இன்னொரு ஆளு எங்க போடுவாரு?”

குணவதி திரும்பிப் பார்த்தாள். கோட்டின் மேலேயே, கோணலாகத்தான் நின்றது. நல்லமுத்து சாவடியை விட்டு இறங்கி வந்தார்.

“குடுங்க சாவிய, நா நேராக்கி உட்டுடறேன்.”

“வேணாண்ணே,” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போய்க் கதவைத் திறந்தாள்.